படத்தைப் பார்த்துப் பாஷை படிக்கலாமா?

வெளிநாட்டு மொழி படிக்கக் கணினி முன் உட்காருகிறவருக்கு முதலில் கிடைப்பது ஒரு பெரிய வாக்குறுதி. இலக்கணம் மனப்பாடம் செய்ய வேண்டாம், அகராதி புரட்ட வேண்டாம், குழந்தை தாய்மொழியைப் பிடித்துக்கொள்வதுபோல நீங்களும் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது மென்பொருள். மொழிக்குள் மூழ்கிக் கற்கும் இந்த முறைக்கு இம்மர்ஷன் என்று பெயர். செவிலியர் வேலைக்காக ஜெர்மன் படிப்பவர்கள், ஜப்பானில் வேலை தேடும் பொறியியல் பட்டதாரிகள், கியூபெக்குக்குக் குடியேறப் பிரெஞ்சு படிப்பவர்கள் என்று தமிழ்நாட்டிலும் பலர் இதை நம்பிப் பணத்தையும், அதைவிட அருமையான மாலை நேரங்களையும் செலவிடுகிறார்கள். அந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை, எந்த இடத்தில் அது நின்றுபோகிறது என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவழியில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் குறையைத் தங்கள்மேல் போட்டுக்கொள்கிறார்கள். “எனக்கு மொழி வராது” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல நேரம் குறை அவர்களிடம் இல்லை.

இந்த வகையில் மிகவும் பெயர்பெற்ற மென்பொருள் ரொசெட்டா ஸ்டோன். திரையில் நான்கு படங்கள் வரும். ஒன்றில் பையன் சாப்பிடுகிறான், ஒன்றில் பெண் தண்ணீர் குடிக்கிறாள், ஒன்றில் சிறுவர்கள் ஓடுகிறார்கள். ஒரு குரல் அயல்மொழியில் ஒரு வாக்கியம் சொல்லும். அதற்குப் பொருத்தமான படத்தைத் தொட வேண்டும். விளக்கம் எந்த மொழியிலும் வராது. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். சில பாடங்கள் தாண்டினால் நீங்களே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், ஒலிவாங்கி வழியாகக் கேட்டு மென்பொருள் சரி பார்க்கும்.

யோசனை புதியதல்ல. மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் 1878-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மொழிப் பள்ளி தொடங்கினார். பிரெஞ்சு கற்பிக்க அவர் அமர்த்திய நிக்கலஸ் ஜோலிக்கு ஆங்கிலம் தெரியாது. பெர்லிட்ஸ் நோயில் படுத்துவிட, ஜோலி பொருள்களைச் சுட்டிக்காட்டியும் நடித்துக்காட்டியும் வகுப்பை நடத்தினார். சில வாரம் கழித்துத் திரும்பிய பெர்லிட்ஸ், மாணவர்கள் பிரெஞ்சிலேயே பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார் என்பது அந்தப் பள்ளியார் சொல்லிவரும் வரலாறு. அதிலிருந்துதான் மொழிபெயர்ப்பைத் தொடாத ‘நேர்முறை’ அவர்கள் பள்ளிகளில் பரவியது. நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, ரொசெட்டா ஸ்டோனை உருவாக்கிய ஆலன் ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் என்பவர் அதே யோசனைக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார். ஜெர்மனியில் வசித்து ஜெர்மனைச் சுலபமாகக் கற்றவருக்கு, பின்னாளில் வகுப்பறையில் ரஷ்ய மொழி ஏறவில்லை. ஜெர்மனியில் கிடைத்த அனுபவத்தைக் கணினியில் உண்டாக்க முடியுமா என்று கணினி அறிவியல் படித்த தன் மைத்துனர் ஜான் ஃபேர்ஃபீல்டைக் கேட்டார். சி.டி. ராம் வந்து, படமும் ஒலியும் ஒரே தட்டில் அடங்கிய பிறகு அது கைகூடியது. 1992-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஹாரிசன்பர்க்கில் நிறுவனம் தொடங்கியது.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விளம்பரம் மறைக்கும் ஒன்று தெரிகிறது. ஜோலியின் மாணவர்கள் முன்னால் ஒரு மனிதர் நின்றார். அவர்கள் முகம் சுருங்கினால் பார்த்து, வேறு மாதிரி நடித்துக் காட்டினார். ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் ஜெர்மனியில் கடைக்குப் போனார், வழி கேட்டார், தப்பாகச் சொன்னதை எதிரில் இருந்தவர் திருத்தினார். அந்த இரண்டு சூழலிலும் மொழிபெயர்ப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கே வேலை செய்தது அந்த இல்லாமை அல்ல. மனிதரும் தேவையும் திருத்தமும்தான். மென்பொருளாகச் செய்தபோது சுலபமாகக் கொண்டுவர முடிந்தது அந்த ஒரு இல்லாமையை மட்டும்தான். பிறகு அதற்கே இம்மர்ஷன் என்ற பெயர் நின்றுவிட்டது.

முதலில் படத்தின் எல்லையைப் பார்ப்போம். வில்லர்ட் குவைன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1960-இல் ஒரு புதிர் போட்டார். முன்பின் தெரியாத மொழி பேசும் ஊரில் ஒரு முயல் ஓடுகிறது; ஊர்க்காரர் “கவகாய்” என்கிறார். முயல் என்றா சொன்னார்? ஓடுகிறது என்றா? இன்றைக்குச் சாப்பாடு கிடைத்தது என்றா? காட்சியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வழியில்லை. நான்கு படத் திரை இந்தப் புதிரை ஓரளவு குறுக்குகிறது. மற்ற மூன்றும் பொருந்தவில்லை என்பதே ஒரு துப்பு. ஆனால் அந்தத் துப்பே கற்பவரைச் சோம்பேறியாக்கவும் செய்கிறது. வாக்கியத்தில் ‘பையன்’ என்ற ஒரு சொல் காதில் விழுந்து, படங்களில் பையன் ஒருவனே இருந்தால், மீதிச் சொற்களைக் கவனிக்காமலே விரல் சரியான இடத்துக்குப் போய்விடும். மதிப்பெண் ஏறும், மொழி ஏறாது.

ஆப்பிள், நாய், சிவப்பு, மேசைக்கு அடியில் என்பவற்றைப் படம் அழகாகக் கற்றுத்தரும். ‘இருந்தாலும்’, ‘ஒருவேளை’, ‘முன்பெல்லாம் போவேன்’, ‘சொல்லியிருந்தால் வந்திருப்பேன்’ என்பவற்றுக்கு எந்தப் படத்தை எடுப்பது? ஒரு மொழியில் நாம் உண்மையில் சொல்ல விரும்புகிறவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

ஒரு ஜெர்மன் வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன்: “டேர் யுங்கே இஸ்ட் டேன் ஆப்ஃபெல்.” பையன் ஆப்பிளைத் தின்கிறான். படம் பார்த்துக் கற்பவர் டேர், டேன் என்ற இரண்டையும் கேட்கிறார். அடுத்த படத்தில் ஆப்பிள் மேசைமேல் கிடக்கும்போது அதே ஆப்பிளுக்கு ‘டேர்’ வருகிறது. பெண் தின்றால் ‘டி’ வருகிறது. புத்தகத்துக்கு ‘டாஸ்’. இதைப் பல பாடங்களில் கேட்டு, எது ஏன் மாறுகிறது என்று தானே ஊகிக்க வேண்டும். சிலர் ஊகித்துவிடுவார்கள். பலர் தவறாக ஊகித்து, அந்தத் தவற்றை மாதக்கணக்கில் உறுதிப்படுத்திக்கொள்வார்கள். தமிழ் தெரிந்தவரிடம் ஒரே வரியில் சொல்லலாம்: ஆப்பிள் என்பது ‘ஆப்பிளை’ ஆகும்போது, ஆண்பால் சொல்லாக இருந்தால் ‘டேர்’ ‘டேன்’ ஆகும், மற்றவை மாறா. இரண்டாம் வேற்றுமை நமக்குப் பள்ளியிலேயே தெரியும், வாயில் தினமும் புழங்குகிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு இது புதிய கருத்து. தமிழருக்கு அது பழைய சொத்து. அந்தச் சொத்தைத் தொடாதே என்று சொல்லும் முறையை நான் ஏற்க மாட்டேன்.

சொல்லின் பாலும் அப்படித்தான். ஜெர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் அஃறிணைபோல ‘டாஸ்’. உயர்திணை, அஃறிணை என்று பொருளை வைத்துப் பிரித்துப் பழகிய நமக்கு இது கலக்கம் தரும். ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’ என்று முடிகிற பெயர்ச்சொற்கள் பெண்பால், ‘ஷென்’ என்று முடிகிற குறுமைப் பெயர்கள் ‘டாஸ்’ என்று ஒரு ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டால், நூற்றுக்கணக்கான சொற்கள் ஒரே நாளில் வரிசைக்கு வந்துவிடும். படத்தில் பாலைக் காட்ட முடியாது. விளக்கின் படம் விளக்கைத்தான் காட்டும்.

ஜப்பானிய மொழிக்கு வந்தால் இழப்பு இன்னும் பெரிது, ஏனென்றால் அங்கே தமிழர்களுக்குக் கிடைக்கக்கூடியது அதிகம். வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபுபோல ஒட்டும் சிறு சொற்கள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. சென்னையிலிருந்து மதுரை வரை என்பது “சென்னை காரா மதுரை மாதே”. ‘தாபேரு’ என்றால் சாப்பிடுவது. ‘தாபேதே’ என்பது ஏறக்குறைய நம் ‘சாப்பிட்டு’. “தாபேதே இமாஸ்” என்றால் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். “தாபேதே மிமாஸ்” என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். ‘மிரு’ என்பதற்குத் தனியாகப் பொருள் பார்ப்பது என்பதுதான். வினையெச்சத்தோடு ‘பார்’ சேர்ந்தால் முயன்றுபார்ப்பது என்ற பொருள் வருவதை ஆங்கிலேயருக்குப் புரியவைக்க ஒரு பக்கம் எழுத வேண்டும். நமக்கு ஒரு வினாடி. ஆனால் ஒருவர் சாப்பிடும் படத்துக்கும், சாப்பிட்டுப் பார்க்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம் காட்டுவது? எந்தத் தாய்மொழிக்காரரிடமும் பேசாத மென்பொருள், எல்லாரையும் ஒரே தொடக்கக் கோட்டில் நிறுத்துகிறது. நாம் பாதி வழி முன்னால் நிற்கும் மொழியில்கூட நம்மைப் பின்னுக்கு அழைத்துவந்துவிடுகிறது.

இனி குழந்தை விஷயம். குழந்தைபோலக் கற்பது என்றால் குழந்தைக்குக் கிடைப்பதும் கிடைக்க வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் அதைச் சுற்றிப் பேச்சு. அதனிடமே குனிந்து பேசும் ஆட்கள். பசித்தால் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம். இதையெல்லாம் வைத்துக்கொண்டும் அது நான்கைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. தினமும் அரை மணி நேரம் மென்பொருளோடு உட்காருகிறவருக்கு ஓராண்டில் கிடைப்பது சுமார் 180 மணி. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு நடத்தும் மொழிப் பயிற்சியில், ஆங்கிலம் அறிந்தவர் ஸ்பானிய மொழியில் வேலை செய்யத்தக்க தேர்ச்சி பெற 600 முதல் 750 வகுப்பு மணி, ஜப்பானிய மொழிக்கு 2,200 மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. அதுவும் நல்ல ஆசிரியர்களோடு, முழுநேரமாக. தமிழருக்கு இந்த எண்கள் மொழிக்கு மொழி மாறும். ஆனால் வேலைக்குப் போகும் முன் சில மாதம் போதும் என்ற எண்ணத்தைக் கைவிட இவை போதும்.

குழந்தைகளும்கூடத் திரையிலிருந்து கற்பதில்லை என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. பட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுகிறவர்கள் பன்னிரண்டு அமர்வுகள் விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஓர் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களின் பேச்சைக் காணொளியாகவோ ஒலிப்பதிவாகவோ பெற்ற குழந்தைகளிடம் அந்தக் கற்றல் நடக்கவே இல்லை. வளர்ந்தவர்கள் கைக்குழந்தைகள் அல்ல; நாம் திரையிலிருந்தும் நிறையக் கற்கிறோம். அப்படிக் கற்க முடிவதே நமக்கு ஏற்கெனவே ஒரு மொழி இருப்பதாலும், விளக்கினால் புரிந்துகொள்ளும் மனம் இருப்பதாலும்தான். குழந்தையிடம் இல்லாத அந்த வசதியை வேண்டுமென்றே ஒதுக்கிவைப்பதில் லாபம் எங்கே வருகிறது?

உண்மையான இம்மர்ஷன்கூட எல்லாவற்றையும் தந்துவிடவில்லை. கனடாவின் செயின்ட் லாம்பர்ட்டில் 1965-இல் ஆங்கிலம் பேசும் பெற்றோர் போராடி, தங்கள் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு வழிக் கல்வி கொண்டுவந்தார்கள். கணக்கும் அறிவியலும் பிரெஞ்சில். பெரிய வெற்றி, நாடு முழுதும் பரவியது. ஆனால் ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது. பிள்ளைகள் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் ஏறக்குறைய பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குச் சமமாக இருந்தார்கள். பேசும்போதும் எழுதும்போதும் பால், வினை வடிவம் போன்றவற்றில் பிழைகள் தங்கிவிட்டன. மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் 1985-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். கேட்கும்போது பொருளை ஊகித்துக் கடந்துவிடலாம், சொல்லின் முடிவை எடைபோட வேண்டியதில்லை. சொந்த வாயால் சொல்லி, எதிரில் இருப்பவருக்குப் புரியவைக்கக் கட்டாயம் வரும்போதுதான் மனம் இலக்கணத்துக்குள் இறங்குகிறது. பள்ளி நாள் முழுதும் பிரெஞ்சில் இருந்த பிள்ளைகளுக்கே இந்த நிலை என்றால், படத்தைத் தொடும் பழக்கம் மட்டும் உள்ளவருக்குப் பேச்சு வராததில் வியப்பில்லை. ரொசெட்டா ஸ்டோன் நிறுவனமும் 2009 வாக்கில், தாய்மொழியாகப் பேசுகிறவர்களோடு இணையத்தில் நேரலையில் பேசும் வசதியைச் சேர்த்தது. அவர்களும் இதை உணர்ந்திருந்தார்கள் என்றே கொள்கிறேன்.

இவ்வளவு சொன்னதால் மென்பொருளைத் தூக்கியெறியச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சில வேலைகளை அது எந்த ஆசிரியரையும்விட நன்றாகச் செய்கிறது. முதலாவது காது. நம் ஊர்ப் பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் முப்பது நாளில் ஒரு மொழி என்று விற்கும் புத்தகங்கள் அயல்மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்காட்டுகின்றன. ஜெர்மனில் தோட்டத்துக்கு ஒரு சொல், சீட்டுகளுக்கு ஒரு சொல். முதல் ஒலி மட்டும் அழுத்தத்தில் மாறும். தமிழில் எழுதினால் இரண்டும் ‘கார்டென்’. ரொட்டி சுடுவதும் பெட்டி கட்டுவதும் இரண்டுமே ‘பாக்கென்’. நம் எழுத்தில் ககரத்துக்கும் பகரத்துக்கும் ஒவ்வொரு வடிவமே இருப்பதால் புத்தகத்தால் இந்த வேறுபாட்டைத் தர இயலாது. நான் மேலே தந்த ஜெர்மன், ஜப்பானியச் சொற்களையும் வாசகர்கள் இந்தக் குறையோடுதான் படித்திருப்பார்கள்.

மென்பொருள் அந்தச் சொற்களை ஆண் குரலில், பெண் குரலில், வேகமாக, மெதுவாக, ஆயிரம் முறை அலுக்காமல் சொல்லும். பல குரல்களில் கேட்பது முக்கியம். லோகன், லைவ்லி, பிசோனி என்ற மூவர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைப் பிரிக்கத் திணறும் ஜப்பானியர்களுக்குப் பல பேர் பேசிய பதிவுகளைக் கேட்கவைத்துப் பயிற்சி தந்தார்கள். பிரித்தறியும் திறன் கூடியது. வளர்ந்த காதும் பழகும் என்பதை அது காட்டியது. பேச்சைச் சரிபார்க்கும் வசதியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும்: பச்சை விளக்கு வந்தால் எந்திரம் சொல்லை அடையாளம் கண்டது என்றுதான் பொருள், நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று அது சொல்லித்தராது.

இரண்டாவது, மறதி. ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885-லேயே மறதி எப்படி நடக்கிறது என்று தன்மேலேயே சோதித்து எழுதினார். மறக்கப்போகும் தறுவாயில் திரும்பக் கேட்டால் நினைவு நீளும் என்ற கருத்தை பால் பிம்ஸ்லர் 1967-இல் மொழிப் பாடத்துக்குக் கொண்டுவந்தார். போலந்தின் பியோத்ர் வோஸ்னியாக் 1987-இல் அதைச் சூப்பர்மெமோ என்ற நிரலாக ஆக்கினார். 2006-இல் வந்த ஆன்கி அதைப் பலர் கைக்குக் கொண்டுசேர்த்தது. ஆயிரக்கணக்கான சொற்களில் எது எவருக்கு எந்த நாளில் மறக்கும் என்று கணக்கு வைக்க எந்த ஆசிரியராலும் ஆகாது. இது கணினிக்கே உரிய வேலை.

மூன்றாவது, மூழ்குவதற்கு ஊரே இல்லாத மொழிகள். அமெரிக்காவின் லூசியானாவில் சிட்டிமாச்சா என்ற பழங்குடியின் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 1940-இல் இறந்துபோனார். மொழியியலாளர் மோரிஸ் ஸ்வாடெஷ் 1930-களில் அம்மொழி பேசியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் எஞ்சின. அவற்றைக் கொண்டு, பழங்குடி மக்களும் ரொசெட்டா ஸ்டோனும் சேர்ந்து 2010-இல் சிட்டிமாச்சா மொழிக்கான மென்பொருளை உருவாக்கினார்கள். போய் வாழ ஒரு தெரு இல்லாத மொழிக்கு, படத்தோடு வரும் ஒரு குரல் எவ்வளவு பெரிய வரவு! ஜெர்மனும் ஜப்பானியமும் படிக்கிறவர்கள் அந்த நிலையில் இல்லை. அவர்கள் தேடினால் பேச ஆள் கிடைக்கும்.

ஆளைத் தேடத்தான் வேண்டும். ஜெர்மன் மொழித் தேர்வுகள் நடத்தும் கோத்தே நிலையத்தின் பி1 நிலைத் தேர்வில் பேச்சுப் பகுதி பொதுவாக இருவர் இருவராக நடக்கிறது. இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும். எங்கே சந்திப்பது, யார் என்ன கொண்டுவருவது என்று யோசனை சொல்லி, மறுத்து, ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு தலைப்பில் பேசி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நான்கு படத்தில் ஒன்றைத் தொட்டுப் பழகியவருக்கு அங்கே நாக்கு எழாது. 2023-க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவோடு பேசிப் பழகும் வசதி பல செயலிகளில் வந்திருக்கிறது. கூச்சம் போக அது உதவும். ஆனால் அரைகுறை வாக்கியத்தையும் அது பெரும்பாலும் புரிந்துகொண்டு மேலே போய்விடுகிறது. புரியாமல் விழிக்கும் மனிதர்தான் நம்மை இன்னொரு தடவை, இன்னும் சரியாகச் சொல்லவைக்கிறார்.

ஜெர்மன் படிக்கும் செவிலியர் ஒருவருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால், நான் சொல்லக்கூடிய பங்கீடு இது. முதல் இருபது நிமிடம் மென்பொருள். விரலை அவசரப்படுத்தாமல், படத்தைத் தொடும் முன் வாக்கியத்தை வாய்விட்டுத் திரும்பச் சொல்லிவிட்டு. அடுத்த பதினைந்து நிமிடம் அன்றைய வாக்கியங்களில் மாறியது என்ன என்று இலக்கணப் புத்தகத்தில் பார்த்து, தமிழில் இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும். ‘இது நம்முடைய ஐ உருபு’ என்பதுபோல. மீதி நேரம் அதே தேர்வுக்குப் படிக்கும் ஒரு தோழியோடு தொலைபேசியில், ஜெர்மனில் மட்டும், அன்றைய டியூட்டியில் நடந்ததைச் சொல்வது. முதல் வாரம் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். தீர்ந்துபோன இடத்தில் எந்தச் சொல் கிடைக்கவில்லையோ அதைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதிலிருந்து தொடங்கலாம்.